நாணயம் நுழையும் இடைவெளி

மரவாடிக்குப் பலகை வாங்கப் போகிறவர்கள் பலகையின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அகலம் போதுமா, கணு இருக்கிறதா, நிறம் பிடித்திருக்கிறதா என்பதோடு பார்வை முடிந்துவிடும். பழகிய ஆசாரி அப்படியில்லை. குனிந்து, ரம்பம் அறுத்த முனையைப் பார்ப்பார். எச்சில் தொட்ட கட்டைவிரலால் அங்கே ஒரு தேய்ப்பு. தூசு விலகி வளையங்கள் எழும்பும். மரத்தின் ஜாதகம் அந்த நாலங்குல வெட்டுமுகத்தில்தான் எழுதியிருக்கிறது. வளையங்கள் வில்லாக வளைந்து படுத்திருந்தால் அந்தப் பலகை அடிமரத்தின் ஓரத்தில் அறுத்தது. காயக் காய அந்த வளைவு நிமிரப் பார்க்கும். பட்டைப் பக்கம் குழியும், நெஞ்சுப் பக்கம் புடைக்கும். வளையங்கள் குத்துக்கோடுகளாக நின்றால் நெஞ்சிலிருந்து பட்டையை நோக்கி அறுத்தது. அது ஏறக்குறைய கிடந்தபடி கிடக்கும்.

இதற்குக் காரணம் எளிமையானது. காயும் மரம் நீளவாக்கில் சுருங்குவது கணக்கில் வராது. நெஞ்சிலிருந்து பட்டை நோக்கிய போக்கில் கொஞ்சம் சுருங்கும். வளையத்தை ஒட்டிய போக்கில் அதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு சுருங்கும். ஒரே பலகைக்குள் இந்த இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன. கோணல், முறுக்கு, வெடிப்பு என்று நாம் திட்டுவதெல்லாம் அந்த இழுபறியின் வெவ்வேறு முடிவுகள்.

வீட்டில் செய்த சாமானைப் பாராட்டும்போது, ‘இடுக்கே தெரியாமச் சேர்த்திருக்கீங்களே’ என்போம். சேர்வது அழகுதான். ஆனால் நல்ல மரச்சாமானின் நயம் அது தெரிந்தே விட்டுவைத்த இடுக்குகளில் இருக்கிறது என்பது என் கட்சி. முதன்முதலாக ஒரு பெஞ்சையோ முக்காலியையோ சொந்தக் கையால் செய்து பார்க்கிறவருக்கு இது சீக்கிரம் புரியும். கடையில் வாங்கியவருக்குப் புரியாமலே போகலாம்.

விழுப்புரமும் திண்டிவனமும் இந்தப் பாடத்துக்கு ஏற்ற ஊர்கள். அக்னி நட்சத்திரத்தில் காற்றே உலர்ந்து சுடும். ஐப்பசி கார்த்திகையில் உப்புப் பொட்டலம் பிரித்த அரைமணியில் கசியும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட தண்ணீரில் நின்ற பார்ட்டிக்கிள் போர்டு அலமாரி ஊதிப்போகும். காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது, விளிம்பு பொருக்காக உதிரும். கட்டை மரமும் ஊதத்தான் செய்யும். நிழலில் வைத்தால் மெல்ல இறங்கிவிடும். புயல் வேண்டாம், சாதாரண வருஷத்திலேயே ஓரடி அகலப் பலகை கோடைக்கும் மழைக்கும் நடுவில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடிக் குறையும். சித்திரையில் சத்தமில்லாமல் சாத்திய ஜன்னல் ஐப்பசியில் தோள் கொடுத்துத் தள்ளினால்தான் சாத்தும் என்பது இங்கே எல்லா வீட்டுக்கும் தெரிந்த சங்கதி.

எந்த மரம் என்பது அடுத்த பேச்சு. புதுக்கையாக இருப்பவர் தேக்கில் தொடங்க வேண்டியதில்லை. கன அடி விலையைக் கேட்டதும் கை நடுங்கும். நடுங்கும் கையில் உளி பிடிக்க முடியாது. இந்தப் பக்கத்து நாட்டு மரங்களே போதும்: வேம்பு, வாகை, பூவரசு, பலா. பலாவுக்கு இங்கே தனிக்கதை உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தது. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. விவசாயிக்கு அது தலைமுறை நஷ்டம். பலாக்கட்டை அறுத்த அன்று மஞ்சளாக இருக்கும். வெளிச்சம் படப்பட வருஷங்களில் தேன் நிறமாகி, பிறகு செம்பழுப்பாகப் பழுக்கும். பலாவில் செய்த முக்காலிக்குச் சாயம் ஏற்றுவது அநியாயம். அந்த வேலையை ஜன்னல் வெயில் பார்த்துக்கொள்ளும்.

வானூர் வட்டாரத்தில் இன்னொரு மரம் கிடைக்கும். ஆரோவில் 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கப்பட்டபோது அந்த மேட்டு நிலம் மழை அரித்துச் சிவந்து கிடந்தது. அங்கே காடு வளர்த்தவர்கள் நட்டவற்றில் ஆஸ்திரேலியா, பப்புவா நியூ கினி பக்கத்து அகேசியா ஒன்றும் உண்டு. ஆரோவில்காரர்கள் அதை ‘வேலை மரம்’ என்பார்கள். வேகமாக வளர்ந்து, காற்றில் சட்டென்று முறிந்துவிடும் மரம். அறுத்துக் காயவைத்தால் அடர்பழுப்பில் நெருங்கிய ரேகையோடு நல்ல பலகை தரும். மண்ணுக்கு நிழல் தர வந்தது, வயதான பின் நாற்காலியாகிறது.

பனையை மறந்தால் இந்த மாவட்டம் கோபித்துக்கொள்ளும். விக்கிரவாண்டிப் பக்கத்துப் பனையபுரம் கோயிலில் தலவிருட்சமே பனைதான். 2021 முதல் கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது. ஆகவே இடித்த ஓட்டு வீட்டிலிருந்து வரும் பழைய பனஞ்சட்டம்தான் வழி. அதைக் கையில் எடுத்தால் தொல்காப்பியம் நினைவுக்கு வரும். வெளியே வைரம் உள்ளவற்றைப் புல் என்றும், உள்ளே வைரம் உள்ளவற்றை மரம் என்றும் பிரிக்கிறது அந்த நூல். அந்தக் கணக்கில் பனை புல். தாவரவியலும் இன்று பனையைப் புல், மூங்கில் இருக்கும் ஒருவித்திலைப் பக்கத்தில்தான் வைக்கிறது. தச்சு வேலைக்காரருக்கு இது ஏட்டறிவு இல்லை. வேம்பில் வெளி வெள்ளையைச் செதுக்கி எறிந்துவிட்டு உள்வைரத்தை எடுக்க வேண்டும். பனையில் உள்ளே இருக்கும் சோற்றை நீக்கிவிட்டு வெளி ஓட்டை எடுக்க வேண்டும். அந்த ஓட்டின் குறுக்குவெட்டில் கறுப்பு நார்கள் புள்ளி புள்ளியாக, வெளியே நெருங்கியும் உள்ளே போகப்போக விலகியும் இருக்கும். நீளவாக்கில் அறுத்தால் அதே நார்கள் கறுப்புக் கோடுகளாக ஓடும். பார்க்க அத்தனை அழகு. தடவிப் பார்த்தால் மட்டும் சிராய் ஏறும்.

இனி இழைப்பு. வேப்பம்பலகையை எடுத்துக்கொள்வோம், பழகுகிறவருக்குப் பாடம் அதில்தான் அதிகம். இழைப்புளியின் தகடு கூராக இருந்தால் முதல் தள்ளலில் ஒரு சத்தம் வரும், நீளமான மூச்சு மாதிரி. சுருள் மேலே எழுந்து, வாய்க்குள் சிக்காமல், மணிக்கட்டில் வந்து விழும். கசப்பு வாசனை தொண்டை வரைக்கும் போகும். பலகை இளஞ்சிவப்பாகத் திறந்துகொள்ளும். நாலைந்து விரற்கடை போனதும் சத்தம் மாறும்; சரசரவென்று முரடாகும். கையை வைத்துப் பார்த்தால் அந்த இடத்தில் மட்டும் மரம் பிய்ந்து மேடுபள்ளமாக இருக்கும். பழகாதவர் தகடு மழுங்கிவிட்டது என்று நினைப்பார். தகட்டின் மேல் தப்பில்லை. வேம்பின் நார்கள் சில வருஷம் ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்றி வளரும், அடுத்த சில வருஷம் எதிர்ப்பக்கமாகச் சாயும். பலகையாக அறுக்கும்போது இந்த இரண்டும் பட்டை பட்டையாக அடுத்தடுத்து நிற்கும். ஒரு பட்டைக்கு நேர்நாராக இருக்கும் திசை, பக்கத்துப் பட்டைக்கு எதிர்நார்.

வழி என்ன? தகட்டை மிகக் குறைவாக வெளியே நீட்டி, இழைப்புளியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, பலகைக்கு மூலைவாட்டில் ஓட்டுவது. சுருளுக்குப் பதில் மெல்லிய செதில் வரும். நேரம் பிடிக்கும். ஆனால் முடிந்த பிறகு பலகையை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் முதல் பட்டை மின்னும், அடுத்தது இருளும். திருப்பினால் இருண்டது மின்னும், மின்னியது இருளும். பட்டுப் புடவையில் வேறு வேறு நிறத்து ஊடும் பாவும் காட்டும் ஜாலத்தை இங்கே ஒரே நிறம் காட்டுகிறது. இழைப்புளியைத் தடுக்கிவிட்ட அதே எதிர்நார்தான் இந்த மினுக்கம். இது சன்மைக்கா ஒட்டிய பலகையில் கிடைக்காது.

அடுத்தது அளவு. பென்சில் கோட்டுக்குத் தடிமன் உண்டு என்பது பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித்தராத விஷயம். கோட்டின் இந்தப் பக்கம் அறுப்பதா அந்தப் பக்கமா என்பதில் அரை மில்லிமீட்டர் போய்விடும். நாலு காலுக்கும் சேர்த்தால் பெஞ்சு ஆடும். அதனால் மூலைமட்டத்தை வைத்துக் கத்திமுனையால் கீறுவார்கள். கத்திக்கீறலுக்கு அகலம் கிடையாது, ஆழம் உண்டு. அந்தக் கீறலில் உளியின் விளிம்பை வைத்தால் ‘டிக்’ என்று தானாக உட்காரும். கண் பார்ப்பதற்கு முன்னே விரலுக்குத் தெரியும்.

சட்டத்தின் நுனியைக் கழுந்தாக்கிக் காலில் தோண்டிய துளைக்குள் இறக்குவது, ஆணி பழகுவதற்கு முன்பிருந்தே உள்ள வித்தை. கழுந்தின் தடிமன் சட்டத்தின் மூன்றில் ஒரு பங்கு. கையால் அழுத்தினால் பாதி போக வேண்டும், மீதிக்குக் கொட்டாப்புளியின் நாலு தட்டு. ஒரே தட்டில் உள்ளே போனால் தொளதொளப்பு, பத்துத் தட்டிலும் போகாவிட்டால் கால் பிளக்கும். இது எடுத்த எடுப்பிலேயே கைக்கு வராது. வரவேண்டிய கட்டாயமும் இல்லை. இத்தாலிய வடிவமைப்பாளர் என்ஸோ மாரி 1974இல் மேஜை, கட்டில், அலமாரி என்று 19 வரைபடங்களை வெளியிட்டார். கடையில் கிடைக்கும் பலகை, ஆணி, சுத்தியல், ரம்பம், இவை போதும். தபால் செலவை அனுப்பினால் வரைபடம் இலவசம். செய்து பார்த்தவர் கடைச் சாமானைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும் என்பது அவருடைய எண்ணம். எனக்கு அந்த வரைபடங்களின் முரட்டு நேர்மை பிடிக்கும். ஒன்று மட்டும்: மரக்காணம் பக்கத்து உப்புக்காற்றில் வெறும் இரும்பாணி சீக்கிரம் துருவேறும், கருவேல் மாதிரித் துவர்ப்பேறிய கட்டையில் ஆணியைச் சுற்றிக் கறுப்புக்கறை படியும். துருப்பிடிக்காத ஸ்க்ரூவுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்கலாம்.

இப்போது இடுக்கு. பெஞ்சின் மேல்பலகையை அகலமான ஒற்றைப் பலகையாகப் போடாமல், மூன்று நான்கு பட்டைகளாகப் போட்டால் வேலை எளிது. பட்டைகளை ஒட்டி ஒட்டிப் பொருத்தவே மனசு சொல்லும். கோடையில் அப்படி இறுக்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்த ஆசாரி ஒருவர், “இப்ப இறுக்கி அடிச்சிட்டீங்கன்னா ஐப்பசில உங்களயே மொறைக்கும் தம்பி. ஒரு காசு போற எடம் விடுங்க” என்றார். பழைய, தடித்த ஐந்து ரூபாய் நாணயம் இதற்கு அளவெடுத்துச் செய்தது போல. இரண்டு பட்டைக்கு நடுவில் இந்த முனையில் ஒன்று, அந்த முனையில் ஒன்று செருகிவிட்டு ஸ்க்ரூ முடுக்க வேண்டும். பிறகு நாணயத்தை உருவிக்கொள்ளலாம். எல்லா இடைவெளியும் ஒரே அகலத்தில், ஒரே கறுப்பில், நேர்கோடாக ஓடும். பார்க்கிறவர் அதை அலங்காரம் என்று நினைப்பார். மழைக்காலத்தில் அந்தக் கோடு மெலியும், கோடையில் தடிக்கும்.

ஒற்றை அகலப்பலகைதான் வேண்டும் என்றால் நயம் அடியில் போய் ஒளிந்துகொள்ளும். பலகையைச் சட்டத்தோடு பிணைக்கும் ஸ்க்ரூவுக்கு வட்டத் துளை போடாமல், அகலவாக்கில் நீண்ட துளை போடுவார்கள். பலகை விரியும்போது ஸ்க்ரூ அந்தத் துளைக்குள் நகரும். இரண்டு பக்கமும் வட்டத்துளை போட்டுப் பூட்டினால், அசைய இடமில்லாத பலகை கோடையில் சுருங்கும்போது நடுவில் வெடிக்கும். பழைய வீட்டுக் கதவுகளும் இதே தந்திரம்தான். நாலு பக்கச் சட்டத்திலும் காடி எடுத்து, நடுப்பலகையைப் பசையில்லாமல் அதற்குள் மிதக்க விட்டிருப்பார்கள். சாயம் பூசிய பழங்கதவைக் கோடையில் உற்றுப் பார்த்தால், பலகை ஓரத்தில் சாயம் படாத மெல்லிய கோடு ஒன்று தெரியும். மழையில் பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இடைவெளியை அழகாகவே ஆக்கியவர்களைப் பார்க்க வேண்டுமானால் விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி. டோக்கியோவில் அலுவலகம் வைத்திருந்த அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்தது. 1937இல் வேலையைக் கவனிக்க வந்தவர் அவர் அலுவலகத்து இளைஞர் ஜார்ஜ் நகாஷிமா, அமெரிக்காவில் பிறந்த ஜப்பானியர், படிப்பால் கட்டடக் கலைஞர். ஆசிரமத்தில் அவருக்குச் சுந்தரானந்தா என்று பெயர். அந்த விடுதியின் அறைகளுக்கான தேக்குச் சாமான்கள்தான் அவர் முதன்முதலாக வடிவமைத்த மரச்சாமான்கள். இருபதாம் நூற்றாண்டின் பெரிய மரவேலைக்காரர்களில் ஒருவர் தன் புதுக்கைப் பருவத்தை நம் பக்கத்து ஊரில் கழித்திருக்கிறார். அறைக் கதவுகள் தேக்குப் பட்டைகளால் ஆனவை, ஒதுக்கித் திறப்பவை. பட்டைகள் முன்னும் பின்னுமாக மாறி மாறி நிற்பதால் காற்று உள்ளே வரும், கண் உள்ளே போகாது. கடற்கரை ஊரின் புழுக்கத்துக்கும் தனிமைக்கும் ஒரே பதில்.

நகாஷிமா 1939இல் கிளம்பினார். போர்க்காலத்தில் 1942இல் அமெரிக்க அரசு அவரை மற்ற ஜப்பானிய வம்சாவளியினரோடு இடாஹோவின் மினிடோக்கா முகாமில் அடைத்தது. அங்கே கென்டரோ ஹிகோகவா என்ற ஜப்பானிய மரபுத் தச்சரிடம், கைக்குக் கிடைத்த சில்லறைக் கட்டைகளில் வேலை கற்றார். பிறகு பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில் பட்டறை போட்டுச் செய்த மேஜைகளில் ஒரு வழக்கம் பெயர்பெற்றது. பெரிய பலகையில் வெடிப்பு இருந்தால் அதை அடைக்க மாட்டார். அரக்கு ஊற்றி மறைக்கவும் மாட்டார். வெடிப்பின் குறுக்கே, இடை சிறுத்து இரண்டு பக்கமும் விரிந்த வண்ணத்துப்பூச்சி வடிவக் கட்டையைப் பதித்து, இனி ஓடாதே என்று நிறுத்திவிடுவார். வெடிப்பு வெடிப்பாகவே இருக்கும். நம் பக்கத்திலேயே வேறொரு நயமும் உண்டு. விழுப்புரம் மாவட்டத்தோடு 2019 வரை இருந்த கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே ஒரு கட்டைக்குள்ளிருந்து தெய்வத்தின் விரல் நகம் வரைக்கும் வெளியே வருகிறது. பார்த்ததும் கும்பிடத் தோன்றும் நயம் அது. மேஜையின் நயத்துக்குக் கொஞ்சம் குனிய வேண்டும், சில சமயம் அடியில் படுத்துப் பார்க்க வேண்டும்.

அசையாத மரமே கிடையாதா என்று கேட்டால், உண்டு. திண்டிவனத்தை அடுத்த திருவக்கரையில், சங்கராபரணி ஆற்றுக்குப் பக்கத்தில், இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை காக்கும் கல்மரப் பூங்கா. பிரெஞ்சுக்காரர் சொனரா 1781லேயே இவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். ஏறத்தாழ 2 கோடி ஆண்டுக்கு முன் வெள்ளம் எங்கிருந்தோ உருட்டிவந்து மணலில் புதைத்த அடிமரங்கள். கிளையும் இலையும் வழியிலேயே போய்விட்டன. மரத்தின் அணு அணுவான இடத்தில் சிலிக்கா வந்து உட்கார்ந்தது. குனிந்து முனையைப் பார்த்தால் வளையம் தெரிகிறது, கணு தெரிகிறது, நெஞ்சும் தெரிகிறது. ஆசாரி பார்த்தால் எப்படி அறுக்கலாம் என்று சொல்லிவிடுவார். எந்த ஐப்பசியும் அதை ஒரு மயிரிழை நகர்த்தாது. அதில் நாற்காலி செய்ய முடியாது, அவ்வளவுதான்.

நம் பெஞ்சுக்குத் திரும்பினால், மீதி இருப்பவை விரலுக்கான வேலைகள். விளிம்புகளைக் கூராக விடக் கூடாது. இழைப்புளியை நாற்பத்தைந்து பாகையில் சாய்த்து மூன்று தள்ளு தள்ளினால் போதும். அடிவிளிம்பை எல்லோரும் மறப்பார்கள். பெஞ்சை இழுத்துப் போடும் கை பிடிப்பதே அங்கேதான்; நாலு விரலின் உட்புறமும் படுகிற இடம். உப்புத்தாளில் 220ஆம் நம்பர் வரைக்கும் தேய்த்தபின் ஈரத்துணியால் ஒரு துடைப்பு. காய்ந்ததும் மரம் முள் முள்ளாக எழுந்து நிற்கும், தேய்த்ததெல்லாம் வீண் என்று தோன்றும். படுத்திருந்த நார்கள் தண்ணீருக்கு எழுந்தவைதான் அவை. மறுபடி லேசாகத் தேய்த்துவிட்டால் அப்புறம் எழாது. சுத்தியல் பட்டுப் பள்ளமான இடத்தில் ஈரத்துணியை வைத்து இஸ்திரிப் பெட்டியை ஒற்றினால், நார் அறுந்திருக்காத வரையில், ஆவி பட்டுப் பள்ளம் மேலே வரும்.

பண்ருட்டிப் பக்கம் உத்தரத்துக்குச் செல்லுக்கு எதிராக முந்திரிக்கொட்டை எண்ணெய் தடவுவார்கள். உட்காரும் சாமானுக்கு அது ஆகாது, தோல் வெந்துபோகும். ஆளிவிதை எண்ணெய் போதும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. காயும்போது சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயவையுங்கள்.

கடைசியாகக் காலை மட்டப்படுத்துவது. ஒரு கடப்பைக் கல்லின் மேல் பெஞ்சை நிறுத்தி, ஆடும் காலுக்கு அடியில் அட்டைத் துண்டு கொடுத்து, மெல்லிய கட்டையின் மேல் பென்சிலைப் படுக்கவைத்து நாலு காலையும் சுற்றிக் கோடு இழுத்து, அந்தக் கோட்டில் அறுக்க வேண்டும். அதன்பின் கல்லின் மேல் ஒரு மயிரளவும் ஆடாது. கூடத்துக்குக் கொண்டுபோய்ப் போட்டால் ஆடும். கழுவிவிட்ட தண்ணீர் வாசல் பக்கம் ஓட வேண்டுமென்று கொத்தனார் தரையைச் சரித்து வைத்திருப்பார். பெஞ்சை ஒரு சாண் நகர்த்திப் பாருங்கள், அதற்கும் மசியாவிட்டால் அடுத்தது மூன்று கால் வைத்துச் செய்யுங்கள்.